அரசாங்கம் பதில் போட்ட தரகர்

தனக்குத் தானே பரீட்சை வைத்துக்கொண்டு, அதில் பெயிலும் ஆன மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் உத்திரமேரூரில் இருந்தார். இதற்கு மறுப்பு உள்ள வாசகர்கள் தாராளமாக எனக்கு எழுதலாம். ஆனால் விடைத்தாளையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஏனென்றால் இவருடைய விடைத்தாளைத் திருத்தியவன் நான்.

ஊரில் அவருக்குப் பெயர் லைசென்ஸ். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும்தான். அது அவருக்கு வரும் கடிதங்களில் மட்டும் உபயோகத்தில் இருந்தது. மற்றபடி ‘லைசென்ஸ் இந்தப் பக்கம் போனாரா?’, ‘லைசென்ஸுக்கு ஜுரமாம்’ என்றுதான் பேச்சு. அவருடைய மனைவி அஞ்சலை அம்மாளே கறிகாய்க் கடையில், “எங்க வூட்டு லைசென்ஸுக்கு கத்திரிக்கா ஆவாது” என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே புளியமரத்தடியில் ஒரு சாய்மேஜையைப் போட்டுக்கொண்டு நான் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று நாலு பேர் சொல்லிவிட்டதால், தலையில் கொஞ்சம் கனம் ஏறியிருந்த காலம். லைசென்ஸ் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி நெய்துகொண்டிருந்தவர். தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி போய்விடவே, மனைவியின் ஊரான எங்கள் ஊருக்கு வந்து, நிலத் தரகு பண்ணலாம் என்று முடிவு கட்டினார்.

அந்தக் காலத்தில் நிலத் தரகர் ஆவதைப்போல் சுலபமான காரியம் எதுவும் கிடையாது. ஒரு குடை, ஒரு துண்டு, உரத்த தொண்டை. இந்த மூன்றும் இருந்தால் காலையில் தரகர். மத்தியானம் முதல் கிராக்கி. ஆனால் நம்மவர் அப்படி ஆரம்பிக்க மாட்டேன் என்றுவிட்டார். லைசென்ஸ் வேண்டுமாம்.

“இன்னா நாயம் நைனா இது? சைக்கிளுக்கு லைசென்ஸ் கேக்கறான். வூட்ல ரேடியோ பொட்டி வெச்சா லைசென்ஸ். துப்பாக்கிக்கு லைசென்ஸ். ஸ்டாம்பு விக்கிறவன் கூட ஒரு லைசென்ஸ் வெச்சிக்கினு குந்திக்கினு கீறான். மனுசன் காலு வெச்சி நிக்கிற நெலம். அத்த கை மாத்தி வுடறவனுக்கு ஒரு சீட்டும் வாணாமா?”

“அதுக்கெல்லாம் லைசென்ஸே கெடையாதுண்ணா” என்றேன்.

“கெடையாதுன்னு நீ சொன்னா ஆச்சா? கெவுருமெண்ட்டு சொல்லட்டும்.”

மனு எழுதினேன். ஒன்றல்ல, ஏழு. தாலுகா ஆபீசுக்கு இரண்டு, ஜில்லா ஆபீசுக்கு மூன்று, மெட்ராஸுக்கு இரண்டு. ஒவ்வொரு மனுவிலும், ‘அடியேனைத் தாங்கள் எந்தச் சோதனைக்கு உட்படுத்தினாலும் சம்மதம்’ என்று கடைசி வரியில் சேர்க்கச் சொல்வார். ஒன்றரை வருஷம் தபால்காரரைப் பாடாய்ப் படுத்தினார். கடைசியில் பதில் வந்தேவிட்டது. ‘தாங்கள் கோரும் உரிமம் எதுவும் நடைமுறையில் இல்லை என்று இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.’ கீழே ஒரு கையெழுத்து, பக்கத்தில் ஊதா நிறத்தில் வட்ட முத்திரை.

மனிதர் இடிந்து உட்காரப் போகிறார் என்று சோடா வாங்கிவர எழுந்தேன். அவரோ காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“பாத்தியா நைனா! என் பேரு போட்டு எய்திகீறான். இந்த ஊர்ல எந்தப் புரோக்கருக்காவது கெவுருமெண்ட்டு எய்தியிருக்குதா?”

“இல்லன்னு இல்ல எழுதியிருக்கான்!”

“இல்லன்றதயும் எனக்குத்தான சொல்லிகீறான்? மத்தவனுக்குச் சொன்னானா?”

சோடாவை வாங்கி நானே குடித்தேன். மறுவாரம் அவர் வீட்டு வாசலில் ஒரு போர்டு தொங்கியது: ‘அரசாங்கத்தால் பதில் அளிக்கப்பட்ட நிலத் தரகர்.’ எங்கள் சப்-ரிஜிஸ்திரார் அந்த வழியாக ஆபீசுக்கு வருகிறவர். நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டாம் தடவை படித்தார். பிறகு ஆபீசுக்கு நடந்து போய்விட்டார்.

சரி, இனி தரகு ஆரம்பிப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“சீட்டு வந்துட்டா ஆச்சா? பரீட்ச?” என்றார்.

“எந்தப் பரீட்ச?”

“வெக்கிறதுக்கு அவங்கிட்ட ஆளு இல்ல போல. நீ வெய்யி.”

பத்துக் கேள்விகள் எழுதி, உறையில் போட்டு அரக்கு வைக்கச் சொன்னார். வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரிஜிஸ்தர் ஆபீஸ் வராந்தாவில், வாட்ச்மேன் ஒரு தகரத்தைத் தட்டி மணி அடிக்க, பரீட்சை ஆரம்பமாயிற்று. எழுதுவதற்கு முன்னால் துண்டை உதறி, சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டி, என்னைச் சோதனை போடவும் சொன்னார். எழுதும்போது நான் பக்கத்தில் வந்தால் தாளைக் கையால் மூடிக்கொண்டார். கேள்வி தயாரித்தவனே நான்தான் ஐயா! மூன்று மணி நேரம் எழுதினார். இரண்டு முறை கூடுதல் தாள் கேட்டார்.

நாலாவது கேள்வி இது: ‘வாங்குபவர், விற்பவர் இருவரில் தரகர் யாருடைய ஆள்?’ அவர் எழுதிய பதில் ஒரே வார்த்தை. ‘நிலத்தின்.’ இதற்கு முழு மார்க் போடுவதா, முட்டை போடுவதா என்று தெரியாமல் விழித்து, பாதி போட்டேன். அந்தப் பாதியில்தான் ஆள் கவிழ்ந்தார். மொத்தம் முப்பத்து நாலு.

“முப்பத்தஞ்சுக்கு ஒண்ணு கம்மி. நான் ஒரு மார்க் போட்டுத் தரேன், வுடுண்ணா.”

மனிதருக்கு வந்ததே கோபம்! “ஓசி மார்க்குல பாஸானவன் கையில உன் நெலத்தக் குடுப்பியா நீ?”

மூன்று மாதம் கழித்து மறுபரீட்சை என்று அவரே அறிவித்தார். அதுவரை தரகு கிடையாது. அன்று சாயந்திரம் அஞ்சலை அம்மாள் நேராக என் மேஜைக்கு வந்து நின்றார். இடுப்பில் கை.

“இன்னா தம்பி, நாப்பது வயசுல பெயிலாக்கி வுட்டுட்டியே! எங்க அம்மா வூட்ல இன்னான்னு சொல்லுவன் நானு? அந்த ஒரு மார்க்கு போட்டா உன் வூட்டு சொத்து கொறஞ்சா பூடும்?”

“நான் போடறன்னுதாம்மா சொன்னன். அவருதான் வாணாம்னுட்டாரு.”

“அவுரு சொன்னா? நீ அவுருக்குத் தெரியாம போட்டிருக்கலாம் இல்ல?” என்று திட்டிவிட்டுப் போனார். நியாயமான கேள்விதான். எனக்குத் தோன்றவில்லை.

மறுபரீட்சையில் எழுபத்தொன்று. ஊருக்கெல்லாம் பொட்டுக்கடலையும் சர்க்கரையும் கொடுத்துவிட்டு, லைசென்ஸ் தொழிலில் இறங்கினார். இறங்கிய முதல் வாரத்திலேயே தொழிலுக்கே ஆபத்து வந்துவிட்டதாக மற்ற தரகர்கள் புலம்ப ஆரம்பித்தார்கள்.

எங்கள் பக்கத்துத் தரகர்களில் பாதிப் பேர் மாட்டுச் சந்தையிலிருந்து வந்தவர்கள். விலை பேசும்போது துண்டைப் போர்த்து, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். வாங்குகிறவனிடம் எத்தனை விரல், விற்கிறவனிடம் எத்தனை விரல் என்பது துண்டுக்கும் தரகருக்கும் மட்டுமே தெரியும். லைசென்ஸிடம் ஒருவர் விரலை நீட்டியபோது, அவர் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வரை கேட்கிற குரலில், “இவுரு ஏக்கரு இன்ன வெலைக்கிக் கேக்கறாரு! அவுரு இன்ன வெலைக்கித் தரேன்றாரு! இத்தினி ரூவா வித்தியாசம் கீது! பேசிக்கோங்க!” என்று அறிவித்தார். அங்கே இருந்த பொடிமட்டை என்கிற தரகர் (மூக்குப்பொடி போடுவதால் அந்தப் பெயர்), போட்ட பொடி தும்மலாக வராமல் தொண்டையில் இறங்கி, அரைமணி நேரம் இருமினார்.

நிலம் காட்டுகிற அழகு அதற்குமேல். மெட்ராஸிலிருந்து ஒரு ரிடையரான அதிகாரி வந்தார். கிணற்றடியில் மாமரம், பச்சைப் பசேல் என்று வயல். அவர் முகம் மலர்ந்துவிட்டது. விற்கிறவர் முகமும் மலர்ந்தது. நம்மவர் தொண்டையைக் கனைத்தார்.

“கெணறு கீதுங்க. தண்ணி கீது. ஆனா மாசியோட சரி. பங்குனில வந்து பாத்தீங்கன்னா உள்ள எறங்கி நாஷ்டா துன்னலாம். அந்த மாமரம் கீதே, பிஞ்சு வுடும், பயம் வுடாது. பக்கத்து நெலத்துக்காரன் பேஜார் புடிச்சவன்.”

விற்கிறவர் அங்கேயே வேட்டியை மடித்துக் கட்டினார். லைசென்ஸ் வரப்பில் ஓடியதை, அந்த முட்டியோடு அவ்வளவு வேகமாக ஓடியதை, நான் என் கண்ணால் பார்த்தேன்.

முதல் வருஷம் ஒரு சென்ட் கூட விற்கவில்லை. “பதில் வந்த தரகரு, பார்ட்டி வராத தரகரு” என்று பொடிமட்டை பாட்டுக் கட்டினார். நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் வருஷம்தான் சூசையும் ஞானம்மாவும் வந்தார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கூலி வேலை. அவர்கள் வம்சத்தில் ஒருவர் பேரிலும் ஒரு பிடி மண் இருந்ததில்லை. பதினான்கு வருஷம் வயிற்றைக் கட்டிச் சேர்த்ததோடு, இரண்டு ஆட்டையும் விற்று, நாற்பது சென்ட் வாங்க வேண்டும் என்று வந்து நின்றார்கள். மற்ற தரகர்கள் ‘நாற்பது சென்டுக்கு யார் அலைவது’ என்று துரத்திவிட்டார்கள். லைசென்ஸ் அவர்களை என் பெஞ்சில் உட்காரவைத்து, நிலத்தின் குறை என்னென்ன என்று கேட்கத் தயாரா என்று முதலில் கேட்டுக்கொண்டார்.

ஊருக்கு மேற்கே பண்ணையார் ஒருவருக்கு, ஏரி வாய்க்காலின் இரண்டு பக்கமும் நிலம் இருந்தது. வாய்க்காலுக்குக் கிழக்கே நாற்பது சென்ட், நல்ல மண். அது ஞானம்மா பத்து வருஷமாகக் களை பறித்த நிலம். மேற்கே இருந்ததும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் வெறும் பாறை மேடு, ஆடுகூட நின்று மேயாது. பண்ணையாருக்கு மகள் கல்யாணச் செலவு. நல்ல மண்ணைத் தருகிறேன் என்று சம்மதித்தார். அதே நிலத்தை அரிசி மில்காரர் ஒருவருக்கு முடித்துத்தர பொடிமட்டை பண்ணையாரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அதனால் சூசைக்குத் தூக்கம் போயிற்று. “அவுரு மனசு மாறங்காட்டியும் முடிச்சிக் குடுங்க சாமி” என்று தினம் வந்து நிற்பார்.

ஒரு புதன்கிழமை காலை பண்ணையார் சொல்லாமல் கொள்ளாமல் வண்டி கட்டிக்கொண்டு வந்து, “இன்னிக்கே ரிஜிஸ்தர் பண்ணிடலாம், எழுதுய்யா” என்றார். அவருடைய பழைய பத்திரத்தைப் பார்த்து மடமடவென்று எழுதினேன். நாங்கள் பத்திரம் எழுதுகிறவர்கள் எல்லாருமே அப்படித்தான். பழைய பத்திரத்தில் கிழக்கே எது, மேற்கே எது என்று எவர் எழுதியிருக்கிறாரோ, அதை அப்படியே இறக்கிவிடுவோம். நிலத்தைப் போய்ப் பார்க்கிற வழக்கம் கிடையாது. வெயில் வேறு.

எல்லாம் தயார். ஆபீஸ் பியூன் பெயரைக் கூப்பிடப் போகிற சமயம். லைசென்ஸ் குறுக்கே கையை நீட்டினார்.

“பத்திரத்த நெலத்துல வெச்சிப் படிக்கணும். அப்பறந்தான் கையெய்த்து.”

“இன்னாண்ணா வெளையாடற? அதான் இங்க படிச்சாச்சே!”

“இங்க படிக்கிறது கெவுருமெண்ட்டுக்கு. அங்க படிக்கிறது வாங்குறவனுக்கு. நீதான நைனா கேள்வி கேட்ட? ஏயாவது கேள்வி. நான் நாலு பக்கம் எய்தினன்.”

எழுதியிருந்தார்தான். படிக்க அலுப்புப்பட்டுப் பக்கத்தை எண்ணி மார்க் போட்டிருந்தேன்.

பண்ணையார் கண் சிவந்தது. சூசை அழுதேவிட்டார். “சாமி, அவுரு கோச்சிக்கினு பூடுவாரு சாமி. எங்க ரெண்டு பேரு உசுரு சாமி இது. நீங்க பாட்டுக்குக் கெடுத்துறாதீங்க” என்று லைசென்ஸின் கையைப் பிடித்தார். லைசென்ஸுக்கும் கண் கலங்கியது. ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் எல்லாரும் பண்ணையாரின் வண்டிக்குப் பின்னாலேயே, அந்த உச்சி வெயிலில், நிலத்துக்குப் போனோம். நான் வழி நெடுக லைசென்ஸைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

நிலத்தின் நடுவில் நின்று பத்திரத்தைப் பிரித்தேன். நாலு எல்லையிலும் நாலு பேரை நிறுத்தியிருந்தார் லைசென்ஸ். கிழக்கு எல்லையில் ஞானம்மா. எரிச்சலோடு உரக்கப் படித்தேன்.

“கிழக்கே, ஏரி வாய்க்கால்...”

ஞானம்மா திரும்பிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். “கெயக்கால இன்னாத்த சாமி வாய்க்கா கீது? வாய்க்கா மேக்கால இல்ல கீது.”

நிமிர்ந்தேன். வாய்க்கால் மேற்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் மேற்கேதான் ஓடியது. அதற்கு அந்தப் பக்கம் பாறை மேடு. அந்த மேட்டுக்குத்தான் கிழக்கே வாய்க்கால். பழைய பத்திரத்தில் இரண்டு நிலமும் அடுத்தடுத்து இருந்தன. நான் அவசரத்தில் கண்ணை ஓட்டி, இரண்டாவது நிலத்தின் சர்வே நம்பர், எல்லை எல்லாவற்றையும் முத்து முத்தான கையெழுத்தில் இறக்கியிருந்தேன். ரிஜிஸ்தர் ஆகியிருந்தால் சூசை பேரில் பாறை. பதினான்கு வருஷக் காசு பாறைக்கு. நல்ல மண் பண்ணையாரிடமே இருக்கும். அங்கிருந்து மில்லுக்குப் போய்விடும்.

“இன்னாய்யா இது?” என்று பண்ணையார் என் பக்கம் திரும்பினார். அதற்குள் லைசென்ஸ் இரண்டு எட்டில் வந்து பத்திரத்தை என் கையிலிருந்து பிடுங்கினார்.

“தப்பு என்துதாங்க. காலைல அவசரத்துல வாய்க்காலுக்கு அந்தாண்ட நெலத்தக் காட்டி எய்தச் சொல்லிட்டன். அவுரு இன்னா பண்ணுவாரு, சொன்னத எய்தினாரு.”

“லைசென்ஸு லைசென்ஸுன்னு குதிச்சியே, எந்த நெலத்த விக்கிறன்னே உனக்குத் தெரியலியா?” என்று பண்ணையார் வாயில் வந்தபடி திட்டினார். லைசென்ஸ் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “நாளைக்கி ஒரு நாள் வருவன். முடிஞ்சா முடிச்சிக்கோ. இல்ல, மில்லுக்காரனுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு வண்டி கிளம்பியது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் நான் தனியாக அந்த நிலத்துக்குப் போய், நாலு பக்கமும் நடந்து பார்த்து, என் காசில் புது ஸ்டாம்புப் பேப்பர் வாங்கி எழுதி வைத்தேன். பத்து மணி ஆயிற்று. பண்ணையார் வரவில்லை. பதினொன்று. சூசை புளியமரத்தடியில் குந்திக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞானம்மா உதடு மட்டும் அசைய ஜபம் பண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்கு வண்டி தெரிந்தது. எங்கள் உயிர் வந்தது. கிட்டே வந்தால், பண்ணையாருக்குப் பக்கத்தில் பொடிமட்டை! வந்த உயிர் போயிற்று. எல்லாம் முடிந்தது, மில்காரர் முந்திக்கொண்டார் என்று நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

வண்டி நின்றது. பொடிமட்டை குதித்து இறங்கி, “டாங்ஸுங்க” என்று கும்பிடு போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடினார். சும்மா வழியில் ஏறிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான்! பண்ணையார் என்னைப் பார்த்து, “எங்கய்யா கையெழுத்து?” என்றார். அப்போது நான் விட்ட மூச்சில் மேஜை மேலிருந்த காகிதமெல்லாம் பறந்தது.

ரிஜிஸ்தர் ஆனதும் நேராக நிலத்துக்குப் போனோம். இந்தத் தடவை ஒருவரும் கூப்பிடவில்லை, நானாகவே போனேன். ஒவ்வொரு எல்லையாகப் படித்தேன். “மேற்கே ஏரி வாய்க்கால்” என்றதும் ஞானம்மா, “கீது!” என்றார். நாலு எல்லைக்கும் நாலு ‘கீது’. நாலாவது ‘கீது’ சொன்னவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து சிரித்தார். சூசை லைசென்ஸைக் கட்டிக்கொண்டார். எனக்கு முந்தின நாள் இறங்காமல் போன சோறு அன்றுதான் இறங்கியது.

ஆனால் ஊருக்குள் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. பாறையைத் தலையில் கட்டி ஏழையை ஏமாற்றப் பார்த்தார் லைசென்ஸ், நல்லவேளை அந்தப் பொம்பளை கண்டுபிடித்தாள் என்று பொடிமட்டை கதை கட்டிவிட்டார். தாங்காமல் ஒரு நாள் கேட்டேன்.

“எதுக்குண்ணா உன் தலைல போட்டுக்கின? தப்பு பண்ணவன் நானு.”

“இன்னா நைனா, இதுகூடத் தெரியல உனக்கு. எய்தறவன் கை தப்பு பண்ணுச்சின்னு தெரிஞ்சா, நாளைக்கி எவன் உங்கிட்ட வருவான்? உன் பொயப்பு இன்னா ஆவறது? நானு ஒரு பைத்தியம்னு ஊருக்கே தெரியும். பைத்தியம் தப்பு பண்ணா எவன் கேக்கப்போறான், வுடு” என்று சொல்லிவிட்டு, அடுத்த பார்ட்டிக்கு ஒரு நிலத்தின் குறைகளைச் சொல்லப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் நான் பத்திரம் எழுதினேன். நிலத்தில் நின்று படிக்காமல் ஒன்றையும் ரிஜிஸ்தருக்கு அனுப்பவில்லை. கவனமான ஆள் என்று நல்ல பெயர் வாங்கினேன். பாறை விற்ற லைசென்ஸ் என்று யாராவது பழைய கதையை எடுத்துச் சிரிக்கும்போதெல்லாம், பக்கத்தில் நின்றிருக்கிறேன், வாயைத் திறந்ததில்லை. அவர் இப்போது இல்லை. அஞ்சலை அம்மாளும் இல்லை. எனக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஆகையால் உத்திரமேரூர்க்காரர்கள் யாராவது இந்தப் பத்திரிகையைப் படித்தால், தயவுசெய்து நாலு பேரிடம் சொல்லுங்கள்: அன்றைக்குத் தப்பு பண்ணியவன் நான். எங்கள் லைசென்ஸ் மேல் ஒரு தப்பும் கிடையாது.